மேட்டுப் பேட்டைக்குப் பதினொரு விளக்குகள்

காலாபாம்பா, பொலிவியா
20 பிப்ரவரி 2000

அன்புத் தம்பி நிக்கானோருக்கு,

உன் அக்கா பசிலியா எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் மனைவி எவுசெபியாவும் மகள் நோர்மாவும் நேற்றுதான் கடைக்கு வந்து போனார்கள். பிள்ளைக்குப் போன வருஷத்துச் செருப்பு கடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அந்தச் சிலி நாட்டுத் தக்காளித் தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறாயா, இல்லை ஆம்பிளை என்று காட்டிக்கொண்டு நிற்கிறாயா?

சேதி இதுதான். உன் அக்கா இப்போது நகரசபை உறுப்பினர். சிரிக்காதே. ஒவ்வொரு பட்டியலிலும் பெண் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. தேர்தலுக்கு முன்னால் மேயர் செவெரோ என் பழந்துணிக் கடைக்கு வந்தார். "டோன்யா பசிலியா, பேரை மட்டும் குடுங்க. ஜெயிச்சதும் ஒரு ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு வியாபாரத்தைப் பாருங்க" என்றார். கொடுத்தேன். ஜெயித்ததும் தாளை நீட்டினார். "கிழிஞ்ச கோட்டுக்கே நான் விலை சொல்லாம விக்கறதில்ல. இந்த நாற்காலிக்கு நீங்க என்ன குடுப்பீங்க?" என்று கேட்டேன். மனிதர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முதுகில் ஒரு மூட்டையோடு இந்த ஊருக்கு வந்தவள் நான். இப்போது சபையின் ஐந்து நாற்காலியில் ஒன்று என்னுடையது.

அரசாங்கம் தரும் பணத்தில் இந்த வருஷம் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். மேயர் சதுக்கத்துக்குக் கல் பாவி, நடுவில் நீரூற்று வைக்க வேண்டும் என்கிறார். உங்கள் மேட்டுப் பேட்டைச் சங்கத் தலைவர் டோன் பவுலினோ பதினொரு தெருவிளக்கும் ஒரு போலீஸ் அறையும் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் கை தூக்குகிறோம்.

வழக்கம்போலக் கடிதத்தை லாரிக்காரர் ரூபேனிடமே கொடுத்தனுப்பு. தொலைபேசி நிலையத்துக்குக் கூப்பிடாதே. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் நாம் பேசி முடிப்பதற்குள் ஊருக்கே ஒலிபரப்பிவிடுகிறாள்.

கன்னி மாதா உன்னைக் காக்கட்டும்.
பசிலியா


அசாப்பா பள்ளத்தாக்கு, சிலி
12 மார்ச் 2000

மரியாதைக்குரிய நகரசபை உறுப்பினர் அக்காவுக்கு,

நான் சுகம். மூக்கைக் கட்டிக்கொண்டுதான் மருந்து அடிக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு இங்கே கிடைக்கிற ஒரு தைலம் ரூபேனிடம் கொடுத்திருக்கிறேன்.

கடிதத்தைக் குடிசையில் உரக்க வாசித்தேன். என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற எலோய் என்ற பையனை உங்களுக்குத் தெரியாது. உப்புவெளிப் பக்கத்து ஊர்க்காரன். "உங்கக்கா அந்த மேயரையே மூட்டையில கட்டி வித்துடுவாங்க போல" என்று விழுந்து விழுந்து சிரித்தான். விதவைத் தாய்க்கு ஒரே மகன். அவனுக்கு இரண்டு சிறு குழந்தைகள். இந்த அந்நிய மண்ணில் எனக்கு அவன்தான் தம்பி.

அக்கா, வாழ்க்கையில் உங்களிடம் நான் அதிகம் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். விளக்குக்குக் கை தூக்குங்கள். நெடுஞ்சாலை வந்த பிறகு எங்கள் பேட்டையில் திருட்டு நிற்கவில்லை என்று எவுசெபியா எழுதியிருக்கிறாள். இரண்டு வீட்டில் காஸ் சிலிண்டர் போயிற்று, ஒரு வீட்டில் தையல் மிஷின். நோர்மாவுக்குப் பிற்பகல் பள்ளி. திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. எதிரே வருவது மாமாவா மாடா என்று கிட்டே வந்தால்தான் தெரியுமாம்.

ஐந்தில் ஒரு கை உங்களுடையது. என் வீட்டுக்காரிக்காகத் தூக்குங்கள்.

அன்புடன், நலம் வேண்டி,
நிக்கானோர்


காலாபாம்பா
9 ஏப்ரல் 2000

அன்புத் தம்பிக்கு,

தைலம் நல்ல தைலம். இரண்டு நாள் மாடிப்படி ஏறினேன். எவுசெபியா சுகம். பிள்ளைக்குச் செருப்பு என் கடையிலிருந்து கொடுத்துவிட்டேன், காசு வேண்டாம்.

சபைக் கூட்டம் நடந்தது. கேட்டால் நீ சிரிப்பாய். பவுலினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயா, குழாய்ல தண்ணியே ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வருது. நீரூற்றுக்கு எங்கேர்ந்து வரும்?"

மேயர் சொன்னார்: "அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும், டோன் பவுலினோ. மிஷினு இருக்கு."

"நம்ம திருடனும் அப்படித்தான் சுத்திச் சுத்தி வர்றான். அவனுக்கு மிஷினு கூட வேண்டியதில்ல."

சபையே சிரித்தது. மேயர் மட்டும் சிரிக்கவில்லை. "விளக்கு போட்டா மாசாமாசம் கரண்டுக்கு அழணும். போலீஸ் அறை கட்டலாம், போலீஸ்காரனை ஓருரோ நகரத்திலேர்ந்து யார் குடுப்பாங்க? காலியா கெடக்கிற அறையில திருடன்தான் படுத்துத் தூங்குவான். சதுக்கம்னா அது ஊருக்கு முகம்" என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, தம்பி. விளக்குச் செலவு போட்டவனோடு முடிவதில்லை, வியாபாரம் செய்கிறவளுக்கு அது தெரியும்.

கடைசியில் இந்த வருஷம் சதுக்கம், விளக்கு அடுத்த வருஷம் என்று தீர்மானமாயிற்று. அடுத்த வருஷம் கண்டிப்பாக வரும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி போதவில்லை என்றால் எழுது.
பசிலியா


அசாப்பா
7 மே 2000

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

"தீர்மானமாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக ஆகாது. மூன்றுக்கு இரண்டு என்று எவுசெபியா எழுதியிருக்கிறாள். யார் அந்த மூன்று என்று அவளும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை.

நிக்கானோர்


காலாபாம்பா
28 மே 2000

நிக்கானோருக்கு,

எல்லாரும் சுகம்.

ஆமாம், மூன்றாவது கை என்னுடையது. கேட்டாய், சொல்லிவிட்டேன். நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காரணமும் கேட்டுக்கொள். சதுக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து ஊருக்குள் வரும். முன்வரிசையில் எனக்கு இரண்டு கடை தருவதாக மேயர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்றில் எவுசெபியாவை உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். நீயும் சிலிக்காரன் தோட்டத்தில் விஷத்தை முகர்ந்துகொண்டு கிடக்காமல் ஊர் திரும்பலாம். ஒரு விளக்குக் கம்பம் யாருக்காவது சோறு போட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

உன் பேட்டைக்காரர்கள் ஒன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு விசில் வாங்கியிருக்கிறார்கள். ஊதினால் எல்லா வீடும் தெருவுக்கு வர வேண்டும். ஏறும் வழியில், பழைய தந்திக் கம்பத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு துணிப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டு, "பிடிபடும் திருடன் எரிக்கப்படுவான்" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பொம்மைக்கு உடுப்பு கேட்டு பவுலினோ என்னிடம்தான் வந்தார். "ஓட்டுதான் போடல, ஒரு பேண்ட்டாவது போடுங்க" என்றார், குத்தலாக. நல்ல பேண்ட்டும் கம்பளிச் சட்டையும் சும்மாவே கொடுத்தேன். ஒரு காசு செலவில்லாத காவல் அது.

கோபப்படாதே. யோசித்துப் பார்.
பசிலியா


அசாப்பா
25 ஜூன் 2000

அக்காவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். எவுசெபியாவுக்குக் கடை வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. விளக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். உங்களுக்கு லாபம் வருகிற இடத்திலெல்லாம் நீங்கள் எங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறீர்கள். அப்பா செத்த பிறகு வீட்டை விற்றபோதும் இப்படித்தான் செய்தீர்கள். இதற்கு மேல் எழுதினால் பிறகு வருத்தப்படுவேன்.

ஒரு காரியம். தோழன் எலோய் தாயைப் பார்க்க ஊருக்குப் போகிறான். வழியில் காலாபாம்பாவில் இறங்கி, நோர்மாவுக்கு நான் வாங்கிய சிவப்பு ரேடியோவையும் எவுசெபியாவுக்கு ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறுவான். ஜூலை ஏழு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேருவான். மேட்டுப் பேட்டைக்குத் தபாலும் ஏறுவதில்லை, ரூபேனின் லாரியும் ஏறுவதில்லை, உங்களுக்கே தெரியும். ஆகவே நீங்கள்தான் மேலே போய் எவுசெபியாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொம்மை, விசில் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். புது ஆள், வழி தெரியாதவன். அவளோ பவுலினோவோ பஸ் நிற்கும் இடத்துக்கே போய் அழைத்து வந்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நிக்கானோர்


அசாப்பா
13 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. ரூபேனின் லாரி இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தது. என் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் அப்பா வீட்டைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது.

எலோய் வந்தானா? பத்து நாளில் திரும்புவதாகச் சொன்னவன் இன்னும் வரவில்லை. மேஸ்திரி அவன் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அவன் போர்வையை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். எவுசெபியாவும் எழுதவில்லை. நோர்மாவுக்கு ரேடியோ பிடித்ததா என்றாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
நிக்கானோர்


காலாபாம்பா
27 ஆகஸ்ட் 2000

அன்புத் தம்பிக்கு,

கடவுள் கிருபையால் எல்லாரும் சுகம். எவுசெபியாவுக்கு மட்டும் கொஞ்சம் காய்ச்சல். அதனால்தான் எழுதவில்லை. நோர்மா இப்போது என் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போகிறாள். எனக்கும் துணையாக இருக்கிறாள்.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. வேலைதான். ஆகஸ்ட் ஆறாம் தேதி சுதந்திர தினத்தன்று சதுக்கத்துக்கு அடிக்கல் நாட்டினோம். பாண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம், மேயரின் ஒரு மணி நேரப் பேச்சு. எனக்கு வெள்ளிக் கரண்டியில் சிமெண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். சிமெண்ட் விலை ஏறிவிட்டது; மூட்டைக்கு நான்கு பொலிவியானோ அதிகம்.

நீ சொன்ன அந்தப் பையன் என் கடைக்கு வரவில்லை. அந்த வாரம் நான் சரக்கு எடுக்க ஓருரோ போயிருந்தேன். முன்பின் தெரியாதவனிடம் விலை உள்ள பொருளைக் கொடுத்தனுப்பினால் இப்படித்தான். ரேடியோவோடு வேறு பக்கம் போயிருப்பான். ஆளை எடை போட உனக்கு எப்போதுமே தெரியாது.

நோர்மா முத்தம் அனுப்புகிறாள்.
பசிலியா


அசாப்பா
17 செப்டம்பர் 2000

அக்கா,

ரூபேன் நேற்று இங்கே சாப்பிட உட்கார்ந்தார். ஊர் வம்பாகத்தான் சொன்னார்: "உங்க பேட்டைக்காரங்க கில்லாடிங்கப்பா. ஜூலையில ஒரு திருடனைப் பிடிச்சு அங்கேயே முடிச்சுட்டாங்க. கையில சிவப்பு ரேடியோவோட மாட்டினானாம்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சிவப்பு ரேடியோ, அக்கா. எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நானே பஸ் ஏறி வருகிறேன்.

நிக்கானோர்


காலாபாம்பா
1 அக்டோபர் 2000

நிக்கானோருக்கு,

உன் உடல்நலத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் என் தப்பு. உன் ஜூன் மாதக் கடிதம் ஜூலை மூன்றாம் தேதி என் கைக்கு வந்தது. அப்பா வீட்டு விஷயம் மேல் வரியிலேயே கண்ணில் பட்டது. கோபத்தில் மடித்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டேன். மீதியைப் படிக்கவில்லை. நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. ஓருரோ போயிருந்தேன் என்று எழுதியது பொய். கடையில்தான் இருந்தேன்.

ஏழாம் தேதி பஸ் பிந்தி வந்தது, ஏழு மணிக்கு. இந்த மாதங்களில் ஏழு மணிக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் எலோய் தனியாக மேலே ஏறியிருக்கிறான். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "எவுசெபியா வீடு எது?" என்று கேட்டிருக்கிறான். வேற்றூர்ப் பேச்சு, இருட்டு, கையில் ரேடியோ. உள்ளிருந்தவள் விசிலை ஊதிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பேட்டை முழுக்கத் தெருவில் நின்றது.

"நிக்கானோர் அனுப்பிச்சாருங்க. அவரோட கூட்டாளி நான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். எவுசெபியாவை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள். பவுலினோ கேட்டார்: "இவனைத் தெரியுமா உனக்கு?" அவள் அவனைப் பார்த்ததே இல்லை. தெரியாது என்றாள். அவன் சட்டைக்குள்ளிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். தீக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள். காற்று. ஒவ்வொரு குச்சியும் அணைந்தது. உன் கையெழுத்து அவள் கையிலேயே இருந்தது, நிக்கானோர். அவளால் பார்க்க முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து, "எந்தத் திருடன்தான் இப்ப காகிதம் இல்லாம வர்றான்?" என்று கத்தினான். திருடனுக்குப் பரிந்து பேசும் வீட்டையும் கொளுத்துவது என்று சங்கத்தில் தீர்மானம் இருக்கிறது. அவள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

கல்லும் கட்டையும்தான். எரிக்கவில்லை. அரை மணி நேரம்.

மறுநாள் விடிந்ததும் என் கடை வாசலில் நின்றாள். கையில் உன் கடிதம். பகல் வெளிச்சத்தில் படித்திருக்கிறாள். அவளை உட்கார வைத்துவிட்டுப் பெட்டிக்கடியிலிருந்து எனக்கு நீ எழுதிய கடிதத்தை எடுத்து நானும் படித்தேன். இரண்டு கடிதமும் மேஜைமேல் கிடந்தன. ரேடியோவை அந்தக் கூட்டத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது யார் என்று சங்கம் விசாரிக்கவில்லை.

அரசு வக்கீல் வந்தார். யார் அடித்தது என்று கேட்டால், "எல்லாரும்தான்" என்றார்கள். எவுசெபியாவைச் சிறைக்கு அனுப்பிவிட்டு நோர்மாவுக்கு நான் என்ன சொல்வது? ஒரு சான்றிதழ் எழுதினேன்: அன்று மாலை ஆறு முதல் ஒன்பது வரை மேட்டுப் பேட்டையார் அனைவரும் சதுக்க வேலைக்கு ஆள் பதிவு செய்ய நகரசபையில் இருந்தார்கள் என்று. மேயர் முத்திரை குத்தினார். அதற்கு அவர் கேட்ட விலை, நீரூற்றுக்கு மூன்று நிறத்தில் மின்விளக்கு போடுவதற்கு என் ஓட்டு. கொடுத்தேன்.

இப்போது அந்தப் பையனின் தாய் தெயோபிலா ஊர் ஊராக அலைகிறாள். சபைக்கும் வந்தாள். "என் புள்ள திருடன் இல்ல, யாராவது எழுதிக் குடுங்க" என்றாள். அவள் விண்ணப்பத்தை "இதர விஷயங்கள்" என்பதன்கீழ் வைத்து, நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். நானும் எழுந்து வந்துவிட்டேன். அடுத்தபடி மகனின் கூலியை வாங்க உன்னிடம்தான் வருவாள். எங்கள் இருவரையும் விட்டால், ரேடியோ உன்னுடையது என்று தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அவளிடம் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. செத்தவன் திரும்பி வர மாட்டான். எவுசெபியா உயிரோடு இருக்கிறாள். உன் பிள்ளைக்கு அவள்தான் தாய்.

பசிலியா


அசாப்பா
22 அக்டோபர் 2000

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தெயோபிலா சனிக்கிழமை வந்தாள். எல்லையிலிருந்து தக்காளிப் பெட்டி ஏற்றும் லாரியில் பெட்டிகளோடு உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவன் போர்வையைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, எனக்குக் கோர்ட்டு வேணாம், போலீஸ் வேணாம்" என்றாள். "கல்லறைத் திருநாள் வருது. முதல் வருஷத்துச் சாவுக்கு மேசை போடணும். ரொட்டி சுட்டு, அவனுக்குப் புடிச்சதெல்லாம் வச்சு, அவன் வர்றதுக்குக் காத்திருக்கணும். ஊருல யாராவது வந்து ஜெபம் சொன்னாத்தானே அவன் சாப்பிடுவான்? திருடனோட மேசைக்கு ஒருத்தரும் வர மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அவன் புள்ளைங்களையும் திருடன் குட்டிங்கன்னு கூப்பிடறாங்க. நீ ஒரு வரி எழுதிக் குடு. ஊர்க் கூட்டத்துல வாசிச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

உங்கள் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதிக் கொடுத்தேன், அக்கா. ரேடியோ என்னுடையது, நான்தான் கொடுத்தனுப்பினேன், காலாபாம்பா மேட்டுப் பேட்டையில் என் மனைவி எவுசெபியாவிடம் சேர்க்கச் சொன்னேன் என்று, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். அந்தக் காகிதம் எங்கெங்கே போகும், உங்கள் சான்றிதழை என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவள் மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்று, "உன் வீட்டுக்காரியும் அடிச்சாளா?" என்று கேட்டாள்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பஸ் எத்தனை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். காற்று எப்படி அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதவில்லை.

நான் ஊருக்கு வருவதா வேண்டாமா என்பது இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. எழுதுங்கள்.

நிக்கானோர்


காலாபாம்பா
12 நவம்பர் 2000

நிக்கானோருக்கு,

நோர்மா சுகம். கணக்கில் முதல் மதிப்பெண்.

தெயோபிலாவின் ஊரில் உன் காகிதத்தை வாசித்தார்களாம். மேசைக்கு ஆள் வந்து ஜெபம் சொன்னார்கள், வந்த கூட்டத்துக்கு ரொட்டி போதவில்லை என்று ரூபேன் சொன்னார். அரசு வக்கீலுக்கும் அதன் நகல் போயிருக்கிறது. வருகிற வாரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். முத்திரை மேயருடையது, கையெழுத்து என்னுடையது. மேயர் இப்போதே என்னைத் தெரியாதவர் மாதிரி நடக்கிறார். முன்வரிசைக் கடை இரண்டையும் அவர் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை அடுத்த வருஷத்து வரவுசெலவு சபைக்கு வந்தது. மேட்டுப் பேட்டைக்குப் பதினொரு விளக்கு என்று நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். பவுலினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "விளக்கு வேணாம்னு பேட்டையில முடிவு பண்ணிட்டோம், டோன்யா. இருட்டு எங்களுக்குப் பழகிப்போச்சு. பசங்களுக்குப் பந்து ஆட ஒரு மைதானம் குடுங்க, போதும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒன்றுக்கு நான்கு. அந்த ஒன்று நான்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜூலையிலிருந்து நானும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான். நேற்று அவளை எதிரே உட்கார வைத்து உன் கடிதத்தை வாசித்தேன். அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணி, அன்னைக்கு வெளிய வராத வீட்டுக்கும், வந்து கையக் கட்டிக்கிட்டு நின்ன வீட்டுக்கும் மறுநாளு சங்கத்துல அபராதம் போட்டாங்க. அம்பது அம்பது. மூணு வீட்டுல கட்டினாங்க. எங்க வீட்டுக்கு அபராதம் வரல. இதை அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா,
பசிலியா